வரவும் செலவும்: பாலெர்மோவில் சந்திக்கும் மொழிகளில் இரண்டு வினைகள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே அறிந்துகொள்ளும் வினைகளுள் ‘கம்’, ‘கோ’ என்னும் இரண்டும் அடங்கும். முன்னதற்கு ‘வா’ என்றும் பின்னதற்கு ‘போ’ என்றும் பொருள் எழுதி, இவை ஒன்றுக்கொன்று எதிர்ச்சொற்கள் என்று குறித்துவிட்டுப் பள்ளி நூல்கள் மேற்செல்கின்றன. ஆனால் ஏறுதலும் இறங்குதலும் போல, திசையால் மட்டும் எதிரெதிராக நிற்கும் வினைகள் அல்ல இவை. ஒரே ஆள் ஒரே தெருவில் ஒரே பக்கமாக நடக்கும்போது, அந்த நடையை ஒருவர் ‘கம்’ என்றும் மற்றொருவர் ‘கோ’ என்றும் சொல்ல முடிகிறது; இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கிறது. இவ்வினைகளின் பொருளை முடிவு செய்வது பேசுவோர் யார், கேட்போர் யார் என்னும் உறவே என்பதும், அவ்வுறவின் தடம் இவற்றின் இலக்கண நடத்தையிலும் பதிந்திருக்கிறது என்பதும் இவ்வுரையின் கருத்து.

இக்கருத்தை ஆராய்வதற்குச் சிசிலித் தீவின் தலைநகரான பாலெர்மோ நல்ல களமாக அமைகிறது. 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர் குடியேறி வாழும் நகரம் அது. அவர்களுள் பலர் வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைப்பவர்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 4-ஆம் நாளை ஒட்டி, நகரத்தின் காவல் புனிதையான ரோசாலியாவின் குகைக் கோவிலை நோக்கிப் பெல்லெக்ரீனோ மலையில் நடந்தேறும் கூட்டத்தில் கத்தோலிக்கத் தமிழரோடு சைவத் தமிழரும் சேர்ந்து செல்வதைப் பாலெர்மோ மக்கள் நன்கு அறிவர். வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழும், வேலையிடத்திலும் பள்ளியிலும் இத்தாலியமும், பல்லரோ போன்ற சந்தைத் தெருக்களில் சிசிலியன் பேச்சும், லண்டனிலும் டொராண்டோவிலும் வளரும் உறவுப் பிள்ளைகளோடு ஆங்கிலமும் என நான்கு மொழிகள் அங்கே ஒரே குடும்பத்தின் நாவில் புழங்குகின்றன. நான்கிலும் வருதலுக்கும் போதலுக்கும் தனித்தனி வினைகள் உண்டு; ஆனால் அவற்றின் எல்லைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை.

முதலில் பொருளைக் காணலாம். அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் 1966-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையிலும், 1971-இல் சாந்தா குரூஸில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலும் ‘கம்’ என்னும் வினையின் பயன்பாட்டை நுணுகி ஆராய்ந்தார். சுட்டு என்பது, பேசும் சூழலை அறிந்தால் மட்டுமே பொருள் விளங்கும் சொற்களின் தன்மை. ‘இங்கே’, ‘நாளை’, ‘நீ’ ஆகியவை அத்தகையன. ‘கம்’, ‘கோ’ ஆகிய இரண்டும் சுட்டு வினைகள். அவர் கண்ட விதியைச் சுருக்கிச் சொன்னால், சென்று சேரும் இடத்தில் பேசுபவரோ கேட்பவரோ இருந்தால் ‘கம்’ வரும். அவ்விருப்பு பேசும் நேரத்ததாகவும் இருக்கலாம், சென்று சேரும் நேரத்ததாகவும் இருக்கலாம். தன் வீட்டில் இருந்துகொண்டு, ‘நாளை காலை அலுவலகத்துக்கு வா’ என்று மேலாளர் ஒருவர் தொலைபேசியில் சொல்வது பிழையாகாமைக்குக் காரணம், அவர் அப்போது அங்கே இல்லாவிட்டாலும் மறுநாள் காலை அங்கே இருப்பார் என்பதே. ‘கோ’ என்னும் வினைக்குள்ள தடை ஒன்றுதான்: பேசுபவர் இப்போது நிற்கும் இடத்தை நோக்கிய பெயர்ச்சிக்கு அது ஆகாது.

இவ்விதியில் மேலைநாட்டு மாணவர்க்கு வியப்பளிப்பது கேட்பவரின் பங்கு. பேசுபவரை நோக்கி வருவதே வருதல் என்று முதலில் தோன்றும். அவ்வாறே நடக்கும் மொழிகளும் உண்டு. ஸ்பானிய மொழியில், கதவைத் தட்டும் நண்பருக்கு உள்ளிருந்து மறுமொழி சொல்பவர், ‘போகிறேன்’ என்று பொருள்படும் ‘வோய்’ என்ற சொல்லையே சொல்வார். ‘வருகிறேன்’ என்று சொல்ல அம்மொழி மரபு இடம் தராது. ஆங்கிலமும் இத்தாலியமும் அவ்வாறல்ல. பாலெர்மோவில் ஒரு பெண் தன் தோழியிடம், ‘உன்னிடம் வருகிறேன்’ என்று சொல்ல ‘வெங்கோ தா தே’ என்பாள். ‘வெங்கோ’ என்பது வருதலைக் குறிக்கும் ‘வெனீரே’ என்ற வினையின் தன்மை ஒருமை வடிவம். யாழ்ப்பாணத்துத் தமிழிலும் ‘உங்கட வீட்டை வாறன்’ என்பதே வழக்கு.

இவ்வுண்மையைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், அடுத்தடுத்த மூன்று நூற்பாக்களில் வகுத்து வைத்திருக்கிறார் என்பது தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் பெருமையோடு அறிய வேண்டியது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் ஒரு தொகுதியாக எடுத்துக்கொண்டு, தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் அவர் பிரிக்கிறார். தன்மை பேசுபவர், முன்னிலை கேட்பவர், படர்க்கை இவ்விருவரும் அல்லாத பிற. என்னிடமும் உன்னிடமும் வருவான், அவனிடம் செல்வான். எனக்கும் உனக்கும் தருவான், அவனுக்குக் கொடுப்பான் என்பது பாகுபாடு. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இதை ஒரே நூற்பாவில் அடக்கிப் போற்றிக்கொண்டார். இப்பாகுபாட்டின் கொடைப் பகுதி இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் பெரிதும் தளர்ந்துவிட்டது. ‘எனக்குக் கொடு’ என்பது அங்கே இயல்பான தொடர். மலையாளம் அதைத் தளரவிடவில்லை. அம்மொழியில் எனக்கும் உனக்கும் ‘தருக’ என்பதும், அவனுக்கும் அவளுக்கும் ‘கொடுக்குக’ என்பதும் இன்றும் நாள்தோறும் பிரித்தாளப்படுகின்றன. மரே எமனோ என்ற அறிஞர் 1945-இல் ‘லாங்குவேஜ்’ இதழில் எழுதிய கட்டுரையில், திராவிட மொழிகளின் ‘வா’, ‘தா’ ஆகிய இரண்டு வினைகளும் வடிவத்திலும் பொருளிலும் இணைந்து நிற்பதை விரிவாக எடுத்துக்காட்டினார்; வா, வரு, வந்து என்றும் தா, தரு, தந்து என்றும் இரண்டும் ஒரே அச்சில் திரிவதைத் தமிழர் எவரும் தம் நாவிலேயே சோதித்தறியலாம்.

பெருமை கொள்வது வேறு, மிகைபடச் சொல்வது வேறு. ஃபில்மோர் கண்டது முழுவதும் தொல்காப்பியத்தில் உண்டு என்று சொல்வது இரு நூலாசிரியர்க்கும் நீதியாகாது. பேசும் நேரத்தையும் சென்று சேரும் நேரத்தையும் பிரித்துக் காட்டும் நுட்பம் கிளவியாக்க நூற்பாக்களின் சொற்களில் இல்லை. தொல்காப்பியரின் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. பெயர்ச்சி வினைகளைக் கொடை வினைகளோடு சேர்த்து ஒரே விதியால் ஆண்டதும், அவ்விதியைத் திசையால் சொல்லாமல் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இலக்கணப் பாகுபாட்டாலேயே சொன்னதும் அவர் செய்தவை. இம்மூன்றையும் தமிழ் இலக்கணம் ‘இடம்’ என்று அழைக்கிறது. பேசுபவர் இருப்பதும் ஓர் இடம், கேட்பவர் இருப்பதும் ஓர் இடம். வினையின் ஈறு காட்டும் இடமும், கால் சென்று சேரும் இடமும் ஒரே சொல்லால் வழங்கப்படும் மரபில் வரவையும் செலவையும் பற்றிய விதி பிறந்தது இயல்பே. மேலும், வருதற்குரியன அல்லாதவற்றையும் வருவனபோலச் சொல்லும் வழக்கை எச்சவியலில் அவர் தனியே ஏற்றுக்கொள்கிறார். அதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு, ஒரு வழி இங்கே வந்து கிடப்பதாகச் சொல்லும் தொடர். அசையாத பாதைக்கு அசைவைத் தரும் இவ்வழக்கு ஆங்கிலத்தின் ‘கம்’, ‘கோ’ ஆகியவற்றிலும் இத்தாலியத்திலும் அப்படியே காணப்படுகிறது.

விடைபெறும்போது ‘போறன்’ என்று தனியே சொல்வதை அமங்கலமாகக் கருதி, ‘போயிற்று வாறன்’ என்றோ வெறுமனே ‘வாறன்’ என்றோ யாழ்ப்பாணத்தார் சொல்வதும் இவ்விதிக்குள் அடங்குவதே. விலகிச் செல்லும் ஒருவர் ‘வாறன்’ என்பது முரணாகத் தோன்றினாலும், அங்கே குறிக்கப்படும் பெயர்ச்சி பிற்பாடு நிகழவிருக்கும் மீள்வரவு. அது சென்று சேரும் இடம் கேட்பவரின் இடம். இச்சொல்லை இத்தாலியத்தில் ‘வெங்கோ’ என்று பெயர்த்துச் சொன்னால் கேட்பவர் திகைப்பார். அம்மொழியில் விடைபெறுதல் இவ்வினையின் பணியாக இல்லை. இதனோடு ஓர் ஒலி ஒற்றுமையும் குறிக்கத்தக்கது. இத்தாலியத்தில் ‘போ’ என்று ஏவும் சொல் ‘வா’ என்றே காதில் விழுகிறது. முதல் தலைமுறைத் தமிழர்க்கு இம்மொழி வைக்கும் முதல் சோதனைகளுள் இது ஒன்று.

இனி இலக்கணப் பயன்பாடு. இப்பகுதியே மிகுந்த வளம் உடையது. அமெரிக்கப் பேச்சு ஆங்கிலத்தில் ‘கோ’, ‘கம்’ ஆகிய இரண்டும், இடையில் எந்த இணைப்புச் சொல்லும் இல்லாமல் மற்றொரு வினையை நேராகத் தொடர்ந்து நிறுத்திக்கொள்கின்றன. ‘ஐ கோ கெட் த பேப்பர்’ என்பது ‘நான் போய்ச் செய்தித்தாளை எடுக்கிறேன்’ என்று பொருள்படும். ஆனால் அவன் போய் எடுக்கிறான் என்பதற்கு ‘ஹி கோஸ் கெட்ஸ்’ என்று சொல்ல முடியாது. ‘ஹி கோஸ் கெட்’ என்பதும் ஆகாது. இறந்தகாலத்தில் ‘வென்ட் காட்’ என்பதும் ஆகாது. இரண்டு வினைகளும் ஈறு ஏதும் ஏற்காமல் வெற்றடியாக நின்றால்தான் இத்தொடர் நிலைக்கும். டிமோதி ஷோபன் 1971-இலும் ஜெஃப்ரி புல்லம் 1990-இலும் இத்தடையை ஆராய்ந்து எழுதினர். இடையில் ‘அண்ட்’ என்னும் உம்மைச் சொல்லைச் சேர்த்தவுடன் தடை நீங்கி, ‘ஹி கோஸ் அண்ட் கெட்ஸ்’ என்பது பிழையற்ற தொடராகிவிடுகிறது. ஆங்கில வினை நிகழ்காலத்தில் ஈறு ஏற்பது படர்க்கை ஒருமையில் மட்டுமே ஆதலால், இத்தடை உண்மையில் இடத்தைச் சார்ந்த தடை: நானும் நீயும் நாமும் அவர்களும் இத்தொடரை ஆளலாம், அவனும் அவளும் மட்டும் ஆள முடியாது.

சிசிலியன் மொழியில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். பாலெர்மோவுக்குத் தென்மேற்கே, தீவின் மேற்கு முனையில் உள்ள மர்சாலா நகரின் பேச்சில், ‘நான் போய் ரொட்டி எடுக்கிறேன்’ என்பதற்கு ‘வாயு ஆ பிக்யு ஊ பானி’ என்பர். ‘வாயு’ என்பது ‘போகிறேன்’, ‘பிக்யு’ என்பது ‘எடுக்கிறேன்’. இடையில் நிற்பது ‘ஆ’ என்னும் சிறு இணைப்பு. இங்கே இரண்டு வினைகளும் தன்மை ஒருமை ஈற்றை ஏற்று முற்றாக நிற்கின்றன. ‘போகிறேன் எடுக்கிறேன்’ என்பதே அதன் அமைப்பு. நீ என்றால் இரண்டும் முன்னிலை, அவர்கள் என்றால் இரண்டும் படர்க்கைப் பன்மை. ‘வருகிறேன்’ என்பதைக் குறிக்கும் ‘வெஞ்ஞு’ என்ற வினையும் இவ்வாறே நடக்கும். ஆங்கிலம் இரண்டு வினைகளிலும் ஈற்றை விலக்குகிறது, சிசிலியன் இரண்டிலும் ஈற்றை வலியுறுத்துகிறது. முதல் வினையும் இரண்டாம் வினையும் ஒத்திருக்க வேண்டும் என்னும் அடிப்படை மட்டும் இரண்டுக்கும் பொது. வெனிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா கார்தினலெத்தி, ஜூலியானா ஜூஸ்தி ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் மர்சாலாப் பேச்சையும் அமெரிக்க ஆங்கிலத்தையும் சுவீடன் மொழியையும் இந்நோக்கில் ஒப்பிட்டு, இத்தொடர்களில் வரும் பெயர்ச்சி வினைகள் முழு வினையும் அல்லாமல் வெறும் துணையும் அல்லாமல் இடைநிலையில் நிற்கின்றன என்று நிறுவினர்.

மர்சாலாப் பேச்சிலும் இடம் சார்ந்த தடை உண்டு. ஆனால் அது வேறிடத்தில் விழுகிறது. நான், நீ, அவன், அவர்கள் என்னும் நான்குக்கும் இரட்டை முற்று வரும். நாம், நீங்கள் என்னும் இரண்டுக்கும் வராது. அவ்விரண்டு இடங்களில், இரண்டாம் வினை ஈறு ஏற்காத வடிவுக்கு மாறி, ‘எடுக்கப் போகிறோம்’ என்பது போன்ற அமைப்பைப் பெறுகிறது. இதற்குரிய விளக்கம் வரலாற்றில் கிடைக்கிறது. லத்தீனில் செல்லுதலைக் குறித்த இரண்டு வினைகள் சிசிலியனில் ஒரே வினையாகக் கலந்துவிட்டன: ‘வாயு’, ‘வாய்’, ‘வா’, ‘வன்னு’ என்னும் நான்கும் ஓர் அடியிலிருந்தும், ‘போகிறோம்’, ‘போகிறீர்கள்’ என்று பொருள்படும் ‘யேமு’, ‘ஈதி’ என்னும் இரண்டும் மற்றோர் அடியிலிருந்தும் பிறந்தவை. இரட்டை முற்று ‘வா’ என்று தொடங்கும் நான்கு வடிவங்களை மட்டுமே பற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்திலும் ‘கோ’ என்பதன் இறந்தகாலமான ‘வென்ட்’ வேறொரு வினையிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டதே. ‘ஆ’ என்னும் இணைப்பு உம்மைப் பொருள் கொண்ட லத்தீன் ‘ஆக்’ என்பதன் எச்சமா, நோக்கத்தைக் குறித்த ‘ஆத்’ என்பதன் எச்சமா என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தின் ‘கோ அண்ட் கெட்’ தொடரை அருகில் வைத்து நோக்கும்போது முதல் கருத்து வலிமை பெறுகிறது. தீவின் கிழக்கே கத்தானியா பகுதியில் இம்மாற்றம் இன்னும் ஒரு படி முன்னேறி, ‘போ’ என்னும் வினை ‘ஓ’ என்ற ஒற்றை உயிராகத் தேய்ந்து, எவ்விடத்துக்கும் மாறாமல் அடுத்த வினையின் தலையில் ஒட்டி நிற்கிறது.

தமிழில் இப்பொருள் ‘போய் எடுக்கிறேன்’ என்று அமையும். ‘போய்’ என்பது வினையெச்சம். தன்னளவில் முடியாமல், முடிப்பதற்கு மற்றொரு வினையை வேண்டி நிற்கும் வடிவம். இடத்தைக் காட்டும் ஈறு இறுதி வினையில் மட்டும் ஒருமுறை வரும். ‘போகிறேன் எடுக்கிறேன்’ என்று இரண்டு முற்றுகளை அடுக்குவது தமிழுக்கு முற்றிலும் அயலானது என்று இன்றைய வழக்கை மட்டும் அறிந்தவர் கருதக்கூடும். தொல்காப்பியம் அதற்கு மாறான சான்றைத் தருகிறது. ‘செய்வேன்’ என்று பொருள்படும் பழந்தமிழ்த் தன்மை ஒருமை முற்று ‘செய்கு’ என்பது. முற்று, பெயரைக் கொண்டே முடிய வேண்டும் என்பது பொதுவிதியாக இருக்க, ‘செய்கு’ என்னும் வடிவம் மட்டும் மற்றொரு வினையைக் கொண்டு முடிந்தாலும் தன் முற்றுத்தன்மையை இழக்காது என்று வினையியலில் ஒரு தனி நூற்பா விதிக்கிறது. ‘காண்கு வந்தேன்’ என்பது அதற்கு வழங்கும் எடுத்துக்காட்டு. ‘காண்பேன் வந்தேன்’ என்பதே அதன் உள்ளமைப்பு, ‘காண வந்தேன்’ என்பது அதன் கருத்து. இரண்டு முற்றுகள், இரண்டிலும் தன்மை ஒருமை ஈறு, அவற்றுள் ஒன்று வருதல் வினை.

மர்சாலாவின் ரொட்டி எடுக்கும் தொடரையும் ‘காண்கு வந்தேன்’ என்பதையும் அருகருகே வைத்துக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சி, இரண்டுக்கும் உறவு கற்பிக்கும் அவசரமாக மாறிவிடக் கூடாது. சிசிலியனில் பெயர்ச்சி வினை முன்னும் நோக்க வினை பின்னும் நிற்கும். பழந்தமிழில் நோக்கம் முன்னும் பெயர்ச்சி பின்னும் நிற்கும். சிசிலியனில் காலமும் ஒத்திருக்க வேண்டும். தமிழில் எதிர்காலமும் இறந்தகாலமும் கூடியிருக்கின்றன. ஆயினும், இரண்டு முற்றுகள் ஒன்றாகக் கட்டப்படும் அரிய அமைப்பை இரண்டு மொழிகளும் பெயர்ச்சி வினைகளைச் சுற்றியே வளர்த்திருப்பதும், இரண்டும் அதை எல்லா இடங்களுக்கும் விரிக்காமல் சில இடங்களோடு நிறுத்திக்கொண்டிருப்பதும் தற்செயல் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. செல்பவனும் செய்பவனும் ஒருவனே என்பதை எச்சத்தால் உணர்த்துவது ஒரு வழி. ஈற்றை இருமுறை சொல்லி உணர்த்துவது மற்றொரு வழி.

துணைவினைப் பணிகளில் மொழிகளின் கூட்டணி மாறி மாறி அமைகிறது. துணைவினை என்பது தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டு, மற்றொரு வினையின் காலத்தையோ தன்மையையோ காட்ட உதவும் வினை. ‘மழை வரப்போகுது’ என்னும் தொடரில் இவ்விரு வினைகளும் சேர்ந்தே நிற்கின்றன. மழை வருவது பொருள், போவது காலக்குறிப்பு. ஆங்கிலமும் எதிர்காலத்துக்கு ‘கோயிங் டு’ என்று இதே வினையைப் பயன்படுத்துகிறது. இத்தாலியம் இவ்வழியில் செல்லவில்லை. மழை பெய்யப் போகிறது என்பதைச் சொல்ல அது நிற்றலைக் குறித்த வினையைக் கொண்டு ‘ஸ்தா பெர் பியோவெரே’ என்கிறது. ஆங்கிலத்தையோ தமிழையோ பின்பற்றிப் போதல் வினையை அங்கே வைத்தால், மழை எங்கோ நடந்து செல்வதாகவே பொருள்படும்.

நிலைமாற்றத்தைக் காட்டுவதில் ஆங்கிலம் நுட்பமான ஒரு பாகுபாடு செய்கிறது. ஈவ் கிளார்க் 1974-இல் எழுதிய கட்டுரையில் காட்டியபடி, இயல்பு நிலையிலிருந்து விலகுவது ‘கோ’ என்றும், இயல்புக்கோ விரும்பத்தக்க நிலைக்கோ மீள்வது ‘கம்’ என்றும் சொல்லப்படுகின்றன. பைத்தியமாவதும் கெட்டுப்போவதும் முன்னதன்பால், கனவு மெய்யாவதும் உயிர் பெறுவதும் பின்னதன்பால். ‘கெட்டுப்போ’, ‘பழுதாய்ப்போ’, ‘செத்துப்போ’ என்னும் தமிழ் வழக்குகள் இதனோடு முதல் பாதியில் ஒத்துப்போகின்றன. இரண்டாம் பாதியில் தமிழ் பிரிகிறது. நினைவு வருகிறது, சுகம் வருகிறது என்பதோடு காய்ச்சலும் வருகிறது, கோபமும் வருகிறது. நல்லதும் கெட்டதும் வேறுபாடின்றி, உணர்பவரை நோக்கியே வருகின்றன. இங்கே ஆங்கிலம் ஒதுங்கிக்கொள்ள, இத்தாலியம் தமிழின் பக்கத்தில் வந்து நிற்கிறது. ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்பதை இத்தாலியர் ‘மி ஏ வெனூதா லா ஃபெப்ரே’ என்று சொல்வர். ‘எனக்கு’ என்பதற்கு ‘மி’, ‘வந்தது’ என்பதற்கு ‘வெனீரே’ வினையின் வடிவம். ‘எனக்குச் சிரிப்பு வருகிறது’ என்பது ‘மி வியேனே தா ரீதெரே’. தேடும் சொல் நாவில் வராதபோதும் இவ்வினையே. ஆங்கிலத்தின் வழியாக இத்தாலியம் கற்பிக்கப்படும் தமிழ்ப் பிள்ளைக்கு இவ்விடங்களில் ஆங்கிலம் தேவையற்ற சுற்றுவழி; அம்மாவிடம் கேட்ட தொடரே நேர்வழி.

ஆங்கிலத்தையும் தமிழையும் விட்டு இத்தாலியம் தனித்து நிற்கும் ஓர் இடமும் உண்டு. முதியோரைப் பராமரிக்கும் தமிழர்க்கு அது அன்றாடம் தேவைப்படும் இடம். செயப்பாட்டு வினைக்கு, அதாவது செய்தவரைப் பின்தள்ளிச் செய்யப்பட்டதை எழுவாயாக்கும் அமைப்புக்கு, இத்தாலியம் இவ்விரு பெயர்ச்சி வினைகளையும் துணையாக்கிக்கொள்கிறது. ‘வியேனே ப்ரேசோ’ என்பது சொல்லுக்குச் சொல் ‘எடுக்கப்பட்டதாக வருகிறது’ என்று நின்று, ‘எடுக்கப்படுகிறது’ என்று பொருள்படும். ‘வா ப்ரேசோ’ என்பது ‘எடுக்கப்பட்டதாகப் போகிறது’ என்று நின்று, ‘எடுக்கப்பட வேண்டும்’ என்று பொருள்படும். ஆகவே மருந்துக் குறிப்பில் ‘வா ப்ரேசோ தோபோ இ பாஸ்தி’ என்று காணப்பட்டால், அது வழக்கத்தைச் சொல்லும் செய்தி அன்று, உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும் என்னும் கட்டளை. ‘வா’ என்ற ஓரெழுத்தைப் போதல் என்று மட்டும் அறிந்தவர்க்கு அக்கட்டளை புலப்படாது. தமிழில் ‘வேண்டும்’ என்பது சுமக்கும் கடமைப் பொருளை இத்தாலியத்தில் போதல் வினை சுமக்கிறது. இவ்விரு செயப்பாட்டும் கூட்டுக் காலங்களில், அதாவது இவ்விரு வினைகளும் தாமே இறந்தகால எச்சமாகி மற்றொரு துணைவினையோடு சேரும் வடிவங்களில், வருவதில்லை. வருதலால் அமைந்த செயப்பாட்டில், ‘மருத்துவரால்’ என்பது போலச் செய்பவரைக் குறிக்கும் சொல் தடையின்றி வரும். போதலால் அமைந்த கடமைச் செயப்பாட்டில் அச்சொல்லுக்கு இடமில்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றும் அங்கே விலகிவிட, மாத்திரையை எடுக்க வேண்டியவர் நானா, நீயா, அவரா என்பதைச் சூழலிலிருந்தே வாசிப்பவர் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.